பிரவுன் ஏலைச் சுவைத்து மதிப்பிடுவது எப்படி: சென்னை நாக்குக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

சென்ற வருடம் மே மாதக் கடைசி. வேளச்சேரியில் ஒரு நண்பர் வீட்டில் நான்கு பேர் உட்கார்ந்திருந்தோம். மேசை மேல் பிரவுன் ஏல் என்னும் பழுப்பு நிற பீர், இரண்டு பாட்டில்கள். அவருடைய மைத்துனர் மார்ச் மாதம் லண்டனிலிருந்து வந்தபோது கொண்டுவந்தவை, இரண்டும் ஒரே பெட்டியிலிருந்து எடுத்தவை. ஒன்று வந்த நாளிலிருந்து ஃபிரிட்ஜில் இருந்தது. இன்னொன்றுக்கு இடம் இல்லாததால் சமையலறை லாஃப்டில், இட்லிக் குண்டானுக்குப் பக்கத்தில், இரண்டு மாதம் கிடந்தது. இரண்டையும் ஒரே அளவுக்குக் குளிர வைத்து, ஒரே மாதிரி கிளாஸில் ஊற்றினோம்.

முதல் கிளாஸை முகர்ந்ததும் ரஸ்க் வாசனை. அதன் பின்னால் மணலில் வறுத்த வேர்க்கடலை, கொஞ்சம் கருப்பட்டி. இரண்டாவதில் மழையில் நனைந்த அட்டைப்பெட்டி வாசனை, அதோடு டப்பாவில் வெகுநாள் கிடந்து பிசுபிசுத்துப்போன உலர் திராட்சையின் இனிப்பு. இரண்டாவதை மட்டும் குடித்திருந்தால், 'இதைக் காய்ச்சியவருக்குக் கை வரவில்லை' என்று நால்வருமே சத்தியம் செய்திருப்போம். காய்ச்சியவர் தன் வேலையைச் சரியாகத்தான் செய்திருந்தார். கெட்டுப்போனது நம் ஊர் வெயிலில்.

பிரவுன் ஏலை மதிப்பிடுவதில் நான் முதலில் சொல்லித்தர விரும்புவது இதைத்தான். கிளாஸில் இருப்பதில் காய்ச்சியவரின் கை ஒரு பங்கு, அது வந்து சேர்ந்த வழி ஒரு பங்கு. இரண்டையும் பிரித்துச் சொல்லத் தெரிந்தால் பாதி நடுவராகிவிடலாம். மீதிப் பாதிக்கு வேண்டிய நாக்கும் சொற்களும் நம் சமையலறையிலேயே இருக்கின்றன.

ஆரம்பிக்கும் முன் ஒன்று. தமிழ்நாட்டில் மது அருந்தச் சட்டப்படி 21 வயது நிரம்பியிருக்க வேண்டும். சுவைக்கும் அன்று வண்டி எடுக்க வேண்டாம், ஆட்டோவோ மெட்ரோவோ போதும். மதிப்பிட ஒரு பீரில் 100 மி.லி. தாராளம். நான்கு பீருக்கு மேல் போனால் நாக்கு சொல்வதை நம்ப முடியாது.

எதை எதிர்பார்க்க வேண்டும்

கேழ்வரகை ஊறவைத்து, முளைகட்டி, உலர்த்தி, வறுத்து ராகி மால்ட் செய்கிறோம் இல்லையா, பார்லிக்கும் கிட்டத்தட்ட அதே வேலைதான். முளைவிட்ட பார்லியை எவ்வளவு வறுக்கிறார்கள் என்பதில்தான் பீரின் நிறமும் குணமும் இருக்கிறது. லேசாகச் சூடேற்றினால் பொன்னிறம், கருகும் அளவுக்கு வறுத்தால் ஸ்டவுட் என்னும் கறுப்பு பீர். பிரவுன் ஏல் இரண்டுக்கும் நடுவில், நாம் 'பொன் முறுவல்' என்று சொல்லும் பதத்தைத் தாண்டி, கருகலுக்கு முன்னால் நிற்பது. அந்த இடத்தில் நிறுத்துவதுதான் இதன் கலை. ரவை வறுக்கும்போது அரை நிமிடம் கூடினால் என்ன ஆகும் என்று தெரிந்த எவருக்கும் இது புரியும்.

இதில் சேரும் மால்ட்களில் இரண்டின் பெயர் தெரிந்தால் போதும். ஒன்று கிரிஸ்டல் மால்ட். ஈரமாக இருக்கும்போதே சூடாக்குவதால், ஒவ்வொரு மணிக்குள்ளும் மாவு சர்க்கரையாக மாறி, பாகாகி, இறுகிவிடும். பிரவுன் ஏலின் பாகு வாசனை பெரும்பாலும் இதிலிருந்து. இன்னொன்று சாக்லேட் மால்ட். பெயர்தான் அப்படி, உள்ளே சாக்லேட் கிடையாது. நிறமும் லேசான கோகோ கசப்பும் மட்டும் தரும்.

'நட் பிரவுன்' என்று லேபிளில் பார்த்தால் கொட்டை போட்டிருப்பார்கள் என்று நினைக்க வேண்டாம். பெரும்பாலும் அது நிறத்தையும் சுவையையும் சொல்லும் பெயர்தான். ஆனால் அமெரிக்காவில் ஹேசல்நட் சேர்த்தே காய்ச்சுபவர்களும் உண்டு. கொட்டை ஒவ்வாமை உள்ளவர்கள் லேபிளை முழுசாகப் படித்துவிட்டுத் தொடுங்கள்.

பிரிட்டிஷ் பிரவுன், அமெரிக்கன் பிரவுன் என்று இதில் இரண்டு குடும்பம். லண்டனில் மான்ஸ் பிரவுன் ஏல் 1902-இல் வந்தது. வடக்கே நியூகாசில் பிரவுன் ஏல் 1927-இல் வந்தது. அமெரிக்காவில் 1986-இல் பீட்ஸ் விக்கெட் ஏல் இந்த வகையைப் பரவலாக்கியது. அமெரிக்கர்கள் வறுவலைக் கூட்டினார்கள், பீருக்குக் கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் பூவின் வாசனையையும் ஏற்றினார்கள்.

பீர் நடுவர்களுக்குத் தேர்வு வைத்துச் சான்று தரும் பி.ஜே.சி.பி. அமைப்பு 1985 முதல் இயங்குகிறது. அதன் 2021 வழிகாட்டியில் பிரிட்டிஷ் பிரவுனுக்கு ஆல்கஹால் 4.2 முதல் 5.9 சதவீதம், கசப்பு அளவு 20 முதல் 30, நிற அளவு 12 முதல் 22. அமெரிக்கன் பிரவுனுக்கு ஆல்கஹால் 4.3 முதல் 6.2, கசப்பு அதே 20 முதல் 30, நிறம் 18 முதல் 35. எண் கூடக்கூடக் கசப்பும் நிறமும் கூடும், அவ்வளவுதான். எண்களை மனப்பாடம் செய்யத் தேவையில்லை. எந்தக் குடும்பத்துப் பிள்ளை என்று தெரியாமல் மார்க் போடக்கூடாது, அதற்காகத்தான் சொன்னேன். ஆரஞ்சுத் தோல் வாசனை அடிக்கும் பிரவுன் ஏல் அமெரிக்கன் என்றால் அது அழகு. பிரிட்டிஷ் என்று லேபிளில் போட்டிருந்தால் அங்கே மார்க் குறையும்.

முதலில் நாக்கைப் பழக்குங்கள்

இந்த வேலையைத் தாண்டிப் போய்விடாதீர்கள். பீர் வாங்குவதற்கு ஒரு வாரம் முன்பே செய்யலாம், செலவும் அதிகம் இல்லை.

எட்டு சின்னக் கிண்ணங்கள் எடுங்கள். ஒன்றில் ரஸ்க் ஒரு துண்டு. ஒன்றில் தோலோடு வறுத்த வேர்க்கடலை. மெரினாவில் வண்டிக்காரர் மணலில் வறுத்துப் பொட்டலம் கட்டித் தருவது கிடைத்தால் அதுதான் சரியான மாதிரி, பாக்கெட்டில் வரும் உப்புக் கடலை வேண்டாம். மூன்றாவதில் கருப்பட்டி, நான்காவதில் வெல்லம், ஐந்தாவதில் ஹார்லிக்ஸ் தூள் ஒரு ஸ்பூன், ஆறாவதில் இனிப்புச் சேர்க்காத கோகோ தூள், ஏழாவதில் சிக்கரி கலந்த டிகாஷன் கொஞ்சம், எட்டாவதில் தோசைக்கல்லில் ஓரம் கருகிய முறுகல் துண்டு.

ஒவ்வொன்றையும் மூக்குக்கு அருகில் கொண்டுபோய் இரண்டு தடவை சின்னதாக முகருங்கள். பெயரைச் சத்தமாகச் சொல்லுங்கள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு, வீட்டில் யாரையாவது கலைத்து நீட்டச் சொல்லுங்கள். வெல்லத்தையும் கருப்பட்டியையும் பார்க்காமல் பிரித்துச் சொல்ல முடிகிறதா? முதல் நாள் தடுமாறுவீர்கள். கருப்பட்டியில் ஒரு புகை உண்டு, வெல்லத்தில் அது இல்லை. அந்தப் புகைதான் பிரவுன் ஏலில் வறுத்த மால்ட் கூடுதலா குறைவா என்று சொல்லும் அளவுகோல். ஹார்லிக்ஸ் ஏன் என்றால், அதுவே மால்ட் செய்த பார்லி சேர்ந்ததுதான். பாட்டிலைத் திறந்ததும் மூக்கில் ஏறும் அந்த வாசனைதான் பீர்க்காரர்கள் 'மால்ட் வாசனை' என்று சொல்வது.

இன்னொரு சின்னப் பயிற்சி. மூக்கை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு ஒரு துண்டு கருப்பட்டியை வாயில் போட்டுக் கரையவிடுங்கள். வெறும் இனிப்புதான் தெரியும், சீனியா கருப்பட்டியா என்றே சொல்ல முடியாது. இப்போது மூக்கை விட்டுவிட்டு மூச்சை வெளியே விடுங்கள். பனையும் புகையும் ஒரே நொடியில் வந்து நிறையும். நாம் ருசி என்று நினைப்பதில் பெரும்பகுதி தொண்டை வழியாக மூக்குக்கு ஏறும் வாசனைதான். பீரை விழுங்கிய பிறகு மூக்கு வழியாக மூச்சு விடச் சொல்வது இதற்காகத்தான்.

வாங்கும்போது பார்க்க வேண்டியது

பெங்களூரு போலத் தெருவுக்கு ஒரு மைக்ரோப்ரூவரி, அதாவது அங்கேயே பீர் காய்ச்சித் தரும் சின்ன இடம், சென்னையில் கிடையாது. கிராஃப்ட் பிரவுன் ஏல் நம் கைக்கு வருகிறது என்றால் அது எங்கிருந்தோ பயணம் செய்துதான் வருகிறது. பெங்களூருவுக்கோ புதுச்சேரிக்கோ போகும்போது, காய்ச்சும் இடத்திலேயே குழாயிலிருந்து பிடித்துத் தருவதைச் சுவைக்க முடிந்தால் அதைவிட நல்ல பாடம் இல்லை. அங்கேயே உட்கார்ந்து குறிப்பு எழுதிக்கொள்ளுங்கள். மாநில எல்லை தாண்டி பாட்டில் கொண்டுவருவதில் சட்டச் சிக்கல் உண்டு.

சென்னையில் வாங்கினால் முதலில் பார்க்க வேண்டியது தேதி. பீர் உலகில் '3, 30, 300' என்று ஒரு தோராயக் கணக்கு சொல்வார்கள். சுமார் 32 டிகிரியில் 3 நாள் கிடப்பதும், 22 டிகிரியில் 30 நாள் கிடப்பதும், 3 டிகிரி குளிரில் 300 நாள் இருப்பதும் பீருக்கு ஒரே அளவு முதுமையைத் தரும் என்பது அதன் பொருள். கறாரான விதி இல்லை, ஆனால் சென்னைக்காரர்கள் சுவரில் எழுதி வைத்துக்கொள்ளலாம். மே மாதத்தில் நம் ஊர்க் குடோனில் 32 டிகிரி என்பதே குளிர்ச்சியான நாள். அதனால் தயாரிப்புத் தேதி புதியதாக இருப்பது மட்டும் போதாது, ஃபிரிட்ஜில் வைத்து விற்ற பாட்டிலா என்று கேளுங்கள். அலமாரியில் நிற்பதையும் குளிர்பெட்டியில் இருப்பதையும் ஒரே விலைக்குக் கொடுத்தால் தயங்காமல் இரண்டாவதை எடுங்கள்.

அடுத்து வெளிச்சம். ஹாப்ஸின் கசப்புப் பொருள் வெயில் பட்டால் உடைந்து, எரிந்த ரப்பரும் பூண்டும் கலந்தது போல நாறும். சில நிமிட நேரடி வெயிலே போதும். பழுப்புக் கண்ணாடி பெருமளவு காக்கும், பச்சையும் நிறமில்லாத கண்ணாடியும் காக்காது. கேன் என்றால் கவலையே இல்லை. ஒருமுறை ஒரு கடையில், ரோட்டைப் பார்த்த கண்ணாடி அலமாரியில் அழகுக்காக வரிசையாக நிறுத்தியிருந்த பாட்டிலை ஆசையாக வாங்கிவந்தேன். மூடியைத் திறந்ததும் பக்கத்து அறையிலிருந்தவர் 'என்ன கருகுது?' என்று கேட்டார்.

அறை, கிளாஸ், குளிர்ச்சி

அறையில் ஊதுபத்தி, சாம்பிராணி, கொசுவத்தி, மல்லிகைப்பூ எதுவும் வேண்டாம். வெள்ளிக்கிழமை மாலை இதற்கு ஏற்ற நேரமே இல்லை. தாளிப்பு முடிந்து ஒரு மணி நேரமாவது ஆகியிருக்கட்டும். காரம் நாக்கை மரக்கச் செய்துவிடும் என்பதால் மிக்சர், மிளகாய்த்தூள் தூவிய மாங்காய், சிக்கன் 65 எல்லாம் மதிப்பெண் போட்டு முடித்த பிறகு. இடையில் வாயைத் துடைக்க உப்பில்லாத வெறும் பிரெட் துண்டும், அறைச் சூட்டில் இருக்கும் கேன் தண்ணீரும் போதும். ஐஸ் தண்ணீர் குடித்தால் நாக்கு மந்தமாகிவிடும்.

கிளாஸ் வாய்ப்பக்கம் கொஞ்சம் குறுகியதாக இருந்தால் வாசனை உள்ளே தங்கும். பால் குடித்த டம்ளரில் ஊற்ற வேண்டாம், பாலின் கொழுப்பு நுரையைக் கொன்றுவிடும். லிப்ஸ்டிக்கும் எண்ணெய்க் கையும் அதையேதான் செய்யும். போர் தண்ணீரில் கழுவினால் வெள்ளையாக உப்புப் படியும், அதனால் கடைசி அலசல் கேன் தண்ணீரில் செய்து, துணியால் துடைக்காமல் கவிழ்த்து உலரவிடுங்கள். கிளாஸ் சுத்தமா என்று பார்க்க எளிய வழி உண்டு. ஊற்றிய பீரில் உட்பக்கச் சுவரெல்லாம் குமிழிகள் ஒட்டிக்கொண்டு நின்றால் அங்கே அழுக்கு இருக்கிறது.

இனி குளிர்ச்சி. நம் ஊர்ப் பழக்கம் 'சில்லுனு' குடிப்பது. பிரவுன் ஏலுக்கு அது ஆகாது. 4 டிகிரியில் மால்ட் வாசனை தூங்கிக் கிடக்கும், எது நல்லது எது கெட்டது என்றே தெரியாது. 10 முதல் 13 டிகிரி வரைதான் இதற்கு ஏற்றது. ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து மேசையில் வைத்தால் சென்னைக் காற்றில் பத்துப் பதினைந்து நிமிடத்தில் அந்த அளவுக்கு வந்துவிடும், ஏ.சி. அறை என்றால் இன்னும் ஐந்து நிமிடம். ஒருமுறை சமையல் தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்துவிட்டால் பிறகு கையால் தொட்டே சொல்லலாம்.

ஊற்றுங்கள், பாருங்கள்

கிளாஸைச் சாய்த்து முக்கால் பாகம், நிமிர்த்தி மீதி. விரல் தடிமனுக்கு நுரை வரட்டும். நுரை வெள்ளை வெளேர் என்று இருக்காது, பாலாடை நிறத்திலிருந்து லேசான பழுப்பு வரை இருக்கும். பிரிட்டிஷ் வகையில் நுரை குறைவாக இருப்பது குறையல்ல.

வெள்ளைத் தாளைப் பின்னால் பிடித்து, டியூப்லைட் வெளிச்சத்தில் நிறம் பாருங்கள். செம்பிலிருந்து அடர்பழுப்பு வரை, ஓரத்தில் மாணிக்கச் சிவப்பு. டிகாஷன் மாதிரி வெளிச்சமே ஊடுருவாத கறுப்பாக இருந்தால் அது போர்ட்டர் என்னும் இன்னும் கறுத்த வகையின் பக்கம் சாய்ந்துவிட்டது. கண்ணுக்கு 50-இல் 3 மதிப்பெண்தான். இங்கே நேரம் கடத்தினால் வாசனை பறந்துவிடும்.

முகருங்கள்

உண்மையில் ஊற்றிய உடனே ஒரு தடவை முகர்ந்துவிட்டுத்தான் நிறமே பார்க்க வேண்டும். சில வாசனைகள் முதல் அரை நிமிடத்தில் வந்துவிட்டுப் போய்விடும், முக்கியமாக கந்தக வாசனைகள்.

நீளமாக இழுக்க வேண்டாம். பூனை முகர்வது போல இரண்டு மூன்று குட்டி மூச்சு. கிளாஸை மேசையிலேயே வைத்து ஒரு சுற்றுச் சுற்றி, உள்ளங்கையால் வாயை மூடி, நான்கைந்து நொடி கழித்துத் திறந்து மறுபடி முகருங்கள். மூக்கு சீக்கிரம் பழகிப்போகும், மூன்றாவது தடவையில் எதுவும் தெரியாது. அப்போது உங்கள் முழங்கை மடிப்பை முகர்ந்துவிட்டுத் திரும்பி வாருங்கள், நம் உடல் வாசனை மூக்குக்குப் பொதுவான இடம்.

நல்ல பிரிட்டிஷ் பிரவுனில் ரஸ்க், பிரெட்டின் முறுகிய ஓரம், வறுகடலை, கடலை மிட்டாய்ப் பாகு எல்லாம் வரும். பின்னணியில் லேசாகப் பழம். ஹாப்ஸ் இருந்தால் மண்ணும் பூவும் கலந்த மெல்லிய வாசனையாக. அமெரிக்கனில் கோகோ, காபி, ஆரஞ்சுத் தோல், பைன் பிசின். மனதில் முதலில் வந்த சொல்லை அப்படியே எழுதுங்கள். 'அம்மா சத்துமாவு வறுக்கும் வாசனை' என்று தோன்றினால் அதையே எழுதுங்கள். 'நன்றாக இருக்கிறது' என்று எழுதிய குறிப்பு ஒரு மாதம் கழித்து உங்களுக்கே ஒன்றும் சொல்லாது.

வாயில்

ஒரு மேசைக்கரண்டி அளவு வாயில் விட்டு, நாக்கு முழுக்கப் படும்படி சுழற்றி, விழுங்குங்கள். ஒயின் நடுவர்கள் துப்புவார்கள், பீர் நடுவர்கள் விழுங்குவார்கள். கசப்பின் கடைசிப் பகுதி விழுங்கிய பிறகுதான் தெரியும். பிறகு வாயை மூடி மூக்கு வழியாக மூச்சை விடுங்கள்.

இங்கேதான் தமிழ் நமக்குக் கைகொடுக்கிறது. பீர் பற்றி எழுதுபவர்கள் பலர் குழப்பிக்கொள்ளும் இரண்டு விஷயத்துக்கு நம்மிடம் சின்ன வயதிலிருந்தே இரண்டு தனிச் சொற்கள் உண்டு: கைப்பு, துவர்ப்பு. பாகற்காய் கைப்பு. சரியாக வேகாத வாழைப்பூ, கடித்த பாக்கு, மாதுளைத் தோல் இவை துவர்ப்பு. கைப்பு ருசி. துவர்ப்பு நாக்கையும் கன்னத்தையும் இழுத்துப் பிடிக்கும் உணர்வு. பிரவுன் ஏலில் கைப்பு வேண்டும், அது இல்லாவிட்டால் வெறும் சர்க்கரைத் தண்ணீர். துவர்ப்பு தூக்கலாக இருந்தால் தானியத்தின் உமியிலிருந்தோ அளவு மீறி வறுத்த மால்டிலிருந்தோ இறங்கியிருக்கிறது, அது காய்ச்சியவரின் கணக்கில் போகும்.

அறுசுவையை வரிசையாக வைத்துக் கேட்டுப் பாருங்கள். இனிப்பு முன்னால் வர வேண்டும், ஆனால் விழுங்கியதும் விலக வேண்டும். கைப்பு அதைத் தாங்கிப் பிடிக்கும் அளவில். துவர்ப்பு இருந்தால் நூலளவு. புளிப்பு தனியாகத் தெரியக்கூடாது. உவர்ப்பு தெரியவே கூடாது. கார்ப்பு என்றால் இங்கே ஆல்கஹால் சூடு, தொண்டையில் மிளகு போல எரிந்தால் ஈஸ்ட் அதிகச் சூட்டில் நொதித்திருக்கிறது என்று சந்தேகப்படலாம். 5 சதவீத பீரில் அந்த எரிச்சலுக்கு இடமே இல்லை.

கனம் எப்படி? மோர் போலவா, கஞ்சித் தெளிவு போலவா, பாயசம் போலவா? பிரவுன் ஏல் கஞ்சித் தெளிவு. மோர் போல நீர்த்தால் ஏமாற்றம், பாயசம் போலத் திரண்டால் இரண்டாவது கிளாஸ் இறங்காது. வாயு மிதமாக, நாக்கைக் குத்தாமல் இருக்க வேண்டும்.

எனக்கு மிக முக்கியம் முடிவு. விழுங்கிப் பத்து நொடி கழித்து வாயில் என்ன மிச்சம் இருக்கிறது என்று பாருங்கள். கடலை வறுத்த சட்டியின் வாசனை மாதிரி ஏதோ ஒன்று மெல்லத் தேய்ந்து, வாய் உலர்ந்து, இன்னொரு மடக்குக்குக் கை போனால் அது நல்ல பிரவுன் ஏல். இனிப்பு அப்படியே ஒட்டிக்கொண்டு நின்றால் நொதித்தல் பாதியில் நின்றிருக்கலாம், அல்லது கிரிஸ்டல் மால்ட் கை தவறி விழுந்திருக்கலாம்.

கோளாறு யாருடையது

முதலில் பயணத்தின் கோளாறுகள். நனைந்த அட்டை, பழைய புத்தகம், மக்கிய காகிதம் போன்ற வாசனை எல்லாம் ஆக்சிஜனும் சூடும் சேர்ந்து செய்தது. நிறம் கூடிய பீரில் இது சில சமயம் மாறுவேடத்தில் வரும்: அளவுக்கு மீறிய உலர் திராட்சை, பேரீச்சம்பழம், ஷெர்ரி ஒயின் போன்ற இனிப்பு. 'ஆஹா, என்ன பழவாசனை' என்று முதலில் மயங்கிவிடுவோம். அதோடு மால்ட் மங்கி, ஹாப்ஸ் காணாமல் போயிருந்தால் அது முதுமைதான். மேலே சொன்ன ரப்பர்-பூண்டு நாற்றம் வெளிச்சத்தின் வேலை.

காய்ச்சிய இடத்தின் கோளாறுகள் வேறு. மல்டிப்ளெக்ஸ் பாப்கார்ன் வாசனையும், நாக்கில் வெண்ணெய் தடவிய வழவழப்பும் டையசெட்டில் என்னும் பொருளால் வருபவை. ஈஸ்ட் தன் வேலையை முடிக்கும் முன்பே பீரை அவசரப்பட்டு எடுத்தால் இது தங்கிவிடும். ஆனால் பாகு வாசனையையும் இதையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்: பாகு ஒட்டும், வெண்ணெய் வழுக்கும். பச்சை ஆப்பிள் வாசனை என்றால் பீர் இன்னும் முதிரவில்லை. அவித்த மக்காச்சோளம், அவித்த முட்டைகோஸ் என்றால் மால்டிலிருந்து வரும் ஒரு கந்தகப் பொருள் கொதிக்கும்போது போதுமான அளவு வெளியேறவில்லை. கிராம்பு வாசனை கோதுமை பீருக்கு அழகு, இதில் தவறு. ஆஸ்பத்திரி வாசனை அடித்தால் குளோரின் கலந்த தண்ணீரைச் சந்தேகப்படுங்கள். வினிகர் அல்லது புளித்த மோர் என்றால் வேண்டாத கிருமி புகுந்திருக்கிறது. குழாயிலிருந்து பிடித்த பீர் என்றால் குழாய் சுத்தமில்லாததாலும் வெண்ணெயும் புளிப்பும் வரும், அப்போது பழி பாருக்குத்தான்.

மதிப்பெண்

பி.ஜே.சி.பி. தாளில் மொத்தம் 50: வாசனை 12, தோற்றம் 3, சுவை 20, வாயுணர்வு 5, மொத்த அபிப்பிராயம் 10. 45-உம் அதற்கு மேலும் உலகத் தரம். 38 முதல் 44 மிகச் சிறப்பு. 30 முதல் 37 வகைக்குப் பொருந்தியது, சின்னக் குறைகள் உண்டு. 21 முதல் 29 எங்கேயோ குறி தவறியது. 14 முதல் 20 பெரிய குறை உள்ளது. அதற்குக் கீழே என்றால் கோளாறுதான் மேலோங்கி நிற்கிறது.

வேளச்சேரியில் ஃபிரிட்ஜ் பாட்டிலுக்கு நான் போட்டது: வாசனை 9, தோற்றம் 3, சுவை 14, வாயுணர்வு 4, மொத்த அபிப்பிராயம் 7. கூட்டினால் 37. குறிப்பு இப்படி இருந்தது: 'ரஸ்க், தோலோடு வறுத்த கடலை, நூலளவு கருப்பட்டிப் புகை. இனிப்பு முன்னால் வந்து நாக்கின் நடுவில் விலகுகிறது. கைப்பு மிதம், துவர்ப்பு இல்லை. முடிவு உலர்வு, ஆனால் சீக்கிரம் அணைந்துவிடுகிறது. இன்னும் நான்கு நொடி நின்றிருந்தால் 40 தந்திருப்பேன்.' லாஃப்ட் பாட்டிலுக்கு அதே வரிசையில் 4, 2, 8, 3, 4. மொத்தம் 21. ஒரே பீருக்குள் 16 மதிப்பெண் வித்தியாசம்.

முதலில் ஒவ்வொருவரும் பேசாமல் எழுதி முடியுங்கள். ஒருவர் 'பேரீச்சம்பழம்' என்று சொல்லிவிட்டால் மற்ற மூவர் நாக்கிலும் பேரீச்சம்பழம் முளைத்துவிடும். எழுதிய பிறகு படித்துக் காட்டுங்கள். இருவருக்குள் 7 மதிப்பெண்ணுக்கு மேல் வித்தியாசம் வந்தால் மறுபடி சுவைத்துவிட்டுப் பேசுங்கள். உங்களுக்குப் பிடித்ததா என்பது வேறு கேள்வி. சர்க்கரை இல்லாத காபி எனக்குப் பிடிக்காது, ஆனால் டிகாஷன் நன்றாக இறங்கியிருக்கிறதா என்று சொல்லத் தெரியும்.

கடைசியாக, மூன்று கிளாஸ் சோதனை

கொஞ்சம் கை வந்த பிறகு இதைச் செய்யுங்கள். ஒருவர் உள்ளே போய் மூன்று கிளாஸில் ஊற்றிவர வேண்டும், இரண்டில் ஒரே பீர், ஒன்றில் வேறு. நிறம் தெரியாமல் இருக்க எவர்சில்வர் டம்ளர் போதும், கழுவி வாசனை போயிருக்க வேண்டும். டம்ளரின் அடியில் மார்க்கரால் குறி. எது ஒற்றை என்று கண்டுபிடிக்க வேண்டும். குருட்டாம்போக்கில் சொன்னாலும் மூன்றில் ஒரு தடவை சரியாக வந்துவிடும் என்பதால், ஒரே நாளில் முடிவுகட்டாமல் வெவ்வேறு நாளில் ஆறு தடவையாவது செய்து கணக்கு வையுங்கள்.

நாங்கள் அன்று இரவே ஃபிரிட்ஜ் பாட்டிலையும் லாஃப்ட் பாட்டிலையும் வைத்துச் செய்து பார்த்தோம். அட்டைப்பெட்டி வாசனையை அடையாளம் தெரிந்துகொண்ட பிறகு நான்கு பேருமே முதல் முகர்விலேயே சொல்லிவிட்டோம். மறுநாள் காலை நண்பர் செய்த முதல் வேலை, ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டிலிருந்து கோதுமை மாவு டப்பாவை எடுத்து லாஃப்டில் வைத்தது.